சுமப்பாரும் சுமைதாங்கியும்

(குடமுழுக்குத் திருப்பணிக் குழுவின் சார்பில், கார்த்திகை முதல் நாள் மாலை நடைபெற்ற அன்பர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

எனக்கு முன்னர்ப் பேசிய பெரியவர் ஆகம நெறியின் நுட்பங்களை அழகுற எடுத்து விளக்கினார். அத்தகைய கல்வி அடியேனுக்கு இல்லை. 1974ஆம் ஆண்டில் கன்னிச்சாமியாக மாலை அணிந்தது முதல், மூட்டை சுமந்து மலைக்கு நடந்தவன் என்னும் ஒரு தகுதியைக் கொண்டே இம்மேடையில் நிற்கின்றேன். ஆகவே மூட்டையைப் பற்றியே பேசலாம் என்று எண்ணுகின்றேன். சிலர் நகைக்கின்றீர்கள். இறைவனைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் அரிசிப் பையையும் தண்ணீர்க் குப்பியையும் பற்றிப் பேசுவதா என்று நினைக்கலாம். கரிமலை ஏற்றத்தில் பாதி வழி சென்றவர் எவரும் அவ்வாறு நகைக்கமாட்டார்.

பழனிக்குச் சென்ற அன்பர்கள் மலை ஏறும் வழியின் இடையே இடும்பன் சந்நிதியைக் கண்டிருப்பீர்கள். சிவகிரி, சக்திகிரி என்னும் இரு குன்றுகளையும் தென்னாட்டிற்குக் கொண்டுவருமாறு அகத்திய முனிவர் இடும்பனைப் பணித்தார் என்பதும், அவன் பிரம தண்டத்தைத் தடியாகவும் பாம்புகளைக் கயிறாகவும் கொண்டு அவற்றை இரு முனைகளிலும் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து வந்தான் என்பதும் தல வரலாறு. இக்கதையைப் பலமுறை கேட்டுள்ளேன். தோளில் தடி அழுத்திய பின்னரே எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. முனிவர் ஒரு குன்றை மட்டும் கொடுத்திருந்தால் இடும்பன் என் செய்திருப்பான்? தடியின் ஒரு முனையில் மட்டும் பாரம் இருந்தால் எத்துணை வலியவனும் அதைத் தோளில் நிறுத்தல் இயலாது. எங்கள் இளமையில் கிணற்றிலிருந்து காவடியில் தண்ணீர் கொண்டுவருவோர், ஒரு குடம் உடைந்துபோனால் மறுமுனையில் கல்லையேனும் கட்டித் தொங்கவிட்டு வருவதைக் கண்டிருக்கின்றேன். பாரம் இரு மடங்காகியும் நடை நேராயிற்று. காவுதல் என்பது தோளிற் சுமத்தல். காவுதடியே காவடி ஆயிற்று என்பர். சுமை சிறிதாயினும் ஒரு பக்கம் சாய்ந்தால் உடல் முழுவதும் அதற்கு எதிராகச் சாய்ந்து நிற்க வேண்டும். அச்சாய்வை ஐம்பது அடி தாங்கலாம், ஐம்பதாயிரம் அடி தாங்கல் இயலுமோ?

வளைந்து கொடுக்கும் தடிக்கு மற்றொரு நன்மையும் உண்டு. அமெரிக்க நாட்டு ஆய்வாளர் ஒருவர் 1991ஆம் ஆண்டில் இதனை அளந்து பார்த்தார். தடி நடைக்கேற்ப மேலும் கீழும் அசைவதால், ஒவ்வோர் அடியிலும் தோளின்மேல் விழும் தாக்குதலின் உச்சம் குறைகின்றது என்று கண்டார். உடல் செலவிடும் மூச்சு அதனாற் குறையவில்லை என்பதையும் அவரே எழுதியுள்ளார். நம் முன்னோர் மூங்கிலைத் தேர்ந்ததற்குத் தோள் படும் பாடே காரணமாதல் வேண்டும்.

இனி இருமுடிக்கு வருவோம். இதுவும் ஒருவகைக் காவடியே. தடி இல்லாத காவடி. நடுவே கட்டி, இரு புறமும் இரு பையாகப் பிரியும் ஒரே துணி. முன்முடி ஆண்டவனுக்கு உரியது. நெய்த்தேங்காயும், வெல்லமும், அவல் பொரியும், வெற்றிலை பாக்கும், காணிக்கையும் அதனுள் அடங்கும். பின்முடி நமக்கு உரியது; வழியில் உண்பதற்கு வேண்டிய அரிசி முதலியன அதில் இருக்கும். குருசாமி முன்முடியைக் கட்டிய பின்னரே பின்முடியில் கை வைப்பார். இதனைத் தத்துவமாக விரித்துரைப்போர் பலர் உளர்; அவர்தம் விளக்கத்தை யான் மறுக்கவில்லை. ஆயின் எனக்கு மூட்டை கட்டக் கற்பித்த குருசாமி தத்துவம் பேசியவர் அல்லர். அவர் ஊரில் எண்ணெய் வாணிகம் செய்தவர். தராசும் கையுமாகவே வாழ்ந்தவர். கட்டு நிறைக்கும் நாளிலும் தராசை அருகில் வைத்துக்கொண்டே அமர்வார்.

நெய்த்தேங்காயை எடுத்துக்கொள்ளுங்கள். மேல்நாரை நீக்கி, ஓட்டை வழுவழுப்பாகச் சுரண்டி, ஒரு கண்ணைத் திறந்து, உள்ளிருக்கும் நீரை வடித்துவிட்டு, உருக்கிய நெய்யை நிரப்பித் தக்கையால் அடைக்கின்றோம். நெய்யை விளிம்பு வரை நிரப்ப வேண்டும் என்று அவர் வற்புறுத்துவார். அரைகுறையாக நிரப்பினால் இறைவனுக்குக் குறை வைத்ததாகும் என்று எண்ணினேன். அவர் கூறிய காரணம் வேறு. உள்ளே இடம் இருந்தால் நெய் அலைபாயும். தலைமேல் அலைபாயும் பொருள் கழுத்தை ஓயவிடாது. தண்ணீர்க் குப்பிக்கும் எண்ணெய்க் குப்பிக்கும் இதே விதிதான். ஒன்று நிறைந்திருக்க வேண்டும், அல்லது வெறுமையாக இருக்க வேண்டும்.

முன்முடியையும் பின்முடியையும் தனித்தனியே நிறுத்துப் பார்ப்பார். பின்முடி சற்றே மிகுந்திருக்கும்படி அமைப்பார். இதற்கும் காரணம் உண்டு. முன்முடியின் எடை சந்நிதானம் சேரும் வரை மாறாது. பின்முடியோ நாளும் குறைவது. எருமேலியிலிருந்து பேரூர்த்தோடு, காளைகட்டி, அழுதை, இஞ்சிப்பாறைக்கோட்டை, கரிமலை, பெரியானவட்டம், சிறியானவட்டம், பம்பை என்று செல்லும் பெருவழியில், அரிசி நேரத்துக்கு நேரம் குறைந்துகொண்டே வரும். பம்பைக் கரையில் அன்பர்கள் தத்தம் அரிசியைச் சேர்த்துச் சமைத்துச் சத்தி படைப்பதும் வழக்கம். அதன் பின்னர்ப் பின்முடி காற்றாடும். முன்முடி மட்டும் பாரமாக இருந்தால், தலையில் வைத்த கட்டு நெற்றியின் பக்கமே சரியும். இறக்கத்தில் அது கண்ணையும் மறைக்கும். ஆகவே ஒவ்வொரு நாள் காலையிலும் அவர் எங்கள் கட்டைத் தொட்டுப் பார்ப்பார். பின்முடி இளைத்திருந்தால், தோள்பையில் உள்ள வேட்டியையோ துண்டையோ மடித்து அதனுள் வைப்பார். முன்முடியை அவிழ்த்து எதையும் எடுக்க விடமாட்டார். ஒரு முறை கட்டியதோடு சமன்பாடு முடிந்துவிட்டது என்று எண்ணி நடப்போரே நடுவழியில் இடர்ப்படுவர்.

தலைமேல் சுமப்பதில் உள்ள நன்மையையும் சொல்லவேண்டும். பாரம் முதுகெலும்பின் நேர்மேலே அமைகின்றது, எப்பக்கமும் இழுப்பதில்லை. கென்யா நாட்டின் லூவோ இனப் பெண்கள் தம் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை தலைச்சுமையாகக் கொண்டு நடந்தபோதும், வெறுங்கையோடு நடப்பதைவிட அவர்கள் மூச்சு மிகுதியாகச் செலவாகவில்லை என்று 1986ஆம் ஆண்டில் ஆய்வாளர் அளந்து வெளியிட்டனர். அப்பெண்கள் சிறு வயது முதல் பழகியவர்கள். ஆண்டிற்கு ஒரு முறை தலையில் பாரம் ஏற்றும் நமக்கு அக்கணக்குப் பொருந்தாது. மாலை அணிந்த நாள் முதல் கட்டு நிறைக்கும் நாள் வரை உள்ள இடைக்காலத்தில், நாளும் ஒரு நாழிகையேனும் ஒரு சிறு மூட்டையைத் தலையில் வைத்து நடந்து பழகுவது நன்று. நம் வீட்டுத் தாய்மார்களிடம் கேட்டால் சும்மாடு கூட்டும் முறையையும் சொல்லித் தருவார்கள். போர்வையை நான்காக மடித்து வைப்பதினும், துண்டை முறுக்கி வளையமாகச் சுற்றி வைத்த சும்மாடு கட்டை அசையாமற் பிடிக்கும். இதில் ஆண்மைக்கு இழுக்கு ஒன்றும் இல்லை.

இக்காலத்தில் இருமுடியைவிட நம்மை வருத்துவது தோள்பையே. இருமுடி இரண்டு மூன்று கிலோவில் அடங்கிவிடும். அதனைத் தலையில் பணிவோடு ஏற்றுக்கொண்டு, தோளில் எட்டுக் கிலோவைத் தொங்கவிட்டுக்கொள்கின்றோம். குருசாமியின் கணக்கு எளியது. இருமுடி, தோள்பை, தண்ணீர் ஆகிய அனைத்தும் சேர்ந்து நடப்பவர் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது. அறுபது கிலோ எடை உள்ளவர்க்கு ஆறு கிலோ. தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பதை மறவாதீர்கள். இருமுடியும் தண்ணீரும் போக மிஞ்சுவது இரண்டு கிலோ. அதனுள் மாற்றுடை, போர்வை, விளக்கு, மருந்து யாவும் அடங்க வேண்டும். அடங்குமா என்று கேட்பீர்கள். எனக்கு முதலில் அடங்கவில்லை.

அடங்கச் செய்வதற்கு அவர் கையாண்ட வழி ஒன்றுண்டு. எருமேலி அடையும் முன்னர், குமுளி, வண்டிப்பெரியாறு, பீருமேடு, முண்டக்கயம் வழியாக நாங்கள் நடந்து செல்லும் நாட்களில், இரவு தங்குமிடத்தில் ஒரு பாயை விரித்து, எங்கள் பைகளை அதில் கொட்டச் சொல்வார். ஒவ்வொரு பொருளாகத் தொட்டு, “சாமி, இதை நேற்று எடுத்தீர்களா? இன்று எடுத்தீர்களா?” என்று கேட்பார். இரண்டு நாளும் எடுக்காத பொருள், மருந்தும் போர்வையும் நீங்கலாக, ஊருக்குத் திரும்பும் வண்டியில் ஏறிவிடும். முதலாண்டில் என்னிடமிருந்து போனவை ஒரு பித்தளைச் செம்பு, சவரப் பெட்டி, இரண்டு பாராயண நூல்கள், ஓர் உபரிச் செருப்பு. விரதம் இருப்பவன் சவரப் பெட்டியை ஏன் கொண்டுவந்தான் என்று எனக்கே விளங்கவில்லை. பாராயண நூல்களை அனுப்பியபோது சற்றே வருந்தினேன். “மனப்பாடம் செய்திருந்தால் எடை இல்லையே, சாமி” என்றார்.

எஞ்சியவற்றை அடுக்கும் முறை இது. இரு தோளிலும் மாட்டும் பையாயின், கனமான பொருள் முதுகை ஒட்டி, தோள்பட்டை எலும்புகளுக்கு இடையே அமைய வேண்டும். இலேசான போர்வையை அடியில் வையுங்கள். மெல்லிய துணிகளை வெளிப்புறமாக வையுங்கள். கனமான பாத்திரம் வெளிப்புறம் இருந்தால் அது பின்னோக்கி இழுக்கும். அதனை ஈடுசெய்ய நீங்கள் முன்னோக்கி வளைவீர்கள். தலையில் இருமுடி இருப்பதால் வளையவும் முடியாது. தூக்குச்சட்டி கொண்டுபோனால் அதன் வயிற்றை வெறுமையாக விடாமல் சிறு பொருள்களால் நிரப்புங்கள். அரிசியையும் பருப்பையும் ஒரே முடிச்சாக்காமல் இரண்டாகப் பகுத்து இடமும் வலமும் வையுங்கள். வெளியே எதையும் தொங்கவிடாதீர்கள். ஒற்றைப் பட்டை உள்ள ஜோல்னாப் பையாயின், அதைக் குறுக்காக மாட்டி, ஓடை கண்ட இடந்தோறும் தோள் மாற்றுங்கள். பட்டைக்கு அடியில் ஒரு துண்டு இருக்கட்டும்.

இவற்றிற்கெல்லாம் மேலான விதி ஒன்று உண்டு. அதனை யான் கற்ற முறையைச் சொல்லாமல் விட்டால் இப்பேச்சு முழுமை பெறாது.

1979ஆம் ஆண்டு என் பெரியப்பா எங்களோடு வந்தார். அப்பொழுது அவர்க்கு வயது அறுபத்திரண்டு. மாலை அணிந்தபின் அவர் என்னைச் சாமி என்பார், யான் அவரைச் சாமி என்பேன். ஆயினும் அவர் பையைக் கட்டும் பணியை மகனிடம் விடுவதுபோல் என்னிடமே விட்டிருந்தார். அவர்க்கு நெஞ்சு வலி வருவதுண்டு. வலி கண்டால் நாவின் அடியில் வைத்துக்கொள்ளும் மாத்திரையை மருத்துவர் கொடுத்திருந்தார். அம்மாத்திரைப் புட்டி சிறியது. தவறி விழுந்துவிடும் என்று அஞ்சி, அதை ஒரு துணியில் சுற்றிப் பையின் அடியில் பத்திரமாக வைத்தேன். எடைகளையெல்லாம் நன்றாகவே சமன் செய்திருந்தேன். குருசாமியும் தூக்கிப் பார்த்து, “பழுதில்லை” என்றார். புட்டி எங்கே இருக்கின்றது என்று அவர் கேட்கவில்லை; யானும் சொல்லவில்லை.

கரிமலை ஏற்றத்தில், விடியலுக்கு முன், பெரியப்பா நின்றுவிட்டார். ஒரு மரவேரில் அமர்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, “சாமி, மாத்திரை” என்றார். அரிக்கேன் விளக்கு எங்களுக்கு நாற்பதடி முன்னே சென்றுவிட்டது. இருட்டில் பையை அவிழ்த்தேன். யான் அன்று இறுக்கிப் போட்ட முடிச்சு அத்துணை எளிதில் அவிழவில்லை. துணி, அரிசி, சட்டி, போர்வை என்று ஒவ்வொன்றாகப் பாதையில் எடுத்துப் போட்டேன். விளக்கு வந்த பின்னரே புட்டி அகப்பட்டது. எத்துணை நேரம் ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. பத்து நிமிடம் என்றார் உடன் வந்தவர். அந்தப் பத்து நிமிடமும் பெரியப்பா என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. சரணம் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் குரல் தாழ்ந்துகொண்டே வந்ததை இன்றும் கேட்கின்றேன்.

ஆண்டவன் அருளால் வலி தணிந்தது. இரண்டு மூங்கிற் கழிகளில் கம்பளியைக் கட்டி, நால்வர் மாறி மாறித் தோள் கொடுத்து அவரைப் பம்பை வரை கொண்டுசேர்த்தோம். அங்கே மருத்துவர் பார்த்து, மேலே ஏறலாகாது என்று தடுத்துவிட்டார். அவருடைய நெய்த்தேங்காயை என் முன்முடியில் சேர்த்துக் கட்டிக்கொண்டு பதினெட்டுப் படி ஏறினேன். அதன் பின்னரும் அவர் பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார். மலைக்கு மட்டும் வரவில்லை. ஒவ்வோராண்டும் யான் புறப்படும்போது, “மருந்து எங்கே வைத்தாய்?” என்று கேட்பார். சட்டைப் பையைத் தொட்டுக் காட்டுவேன்.

ஆகவே சாமிமார்களே, உயிருக்கு வேண்டிய பொருளைப் பைக்குள் வைக்கவே வைக்காதீர்கள். மருந்து உடலோடு இருக்க வேண்டும். உடன் நடப்பவர் இருவர்க்கு அஃது இருக்கும் இடம் தெரிந்திருக்கவும் வேண்டும். அதற்கடுத்து விளக்கும் தண்ணீரும், பையைக் கழற்றாமல் கை எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

முன்முடியைப் பற்றி ஒரு சொல். இப்பொழுது கடைகளில் பூசைப் பொருள் யாவும் சிறு சிறு பிளாஸ்டிக் உறைகளில் தொகுத்து விற்கின்றனர். வாங்கி அப்படியே முடிக்குள் போட்டுவிடுகின்றோம். சந்நிதானத்தில் அவற்றுள் பாதி பயன்படுவதில்லை, எறியப்படுகின்றன. கற்பூரம், ஊதுவத்தி, பன்னீர் ஆகியவற்றை இருமுடியில் கொண்டுவர வேண்டா என்று தந்திரியின் கருத்தை ஏற்றுத் திருவிதாங்கூர் தேவஸ்வம் வாரியம் 2024ஆம் ஆண்டில் அன்பர்களைக் கேட்டுக்கொண்டது. பெருவழி நடப்போர்க்கு இஃது இரட்டை நன்மை. மலையின் குப்பையும் குறையும், தலையின் பாரமும் குறையும்.

இதுவரை நடப்பவர்க்குச் சொன்னேன். இனி, நடவாமல் ஊரில் இருப்பவர்க்கும், திருப்பணிக்கு வாரி வழங்கும் செல்வர்க்கும் ஒரு விண்ணப்பம்.

நம் ஊர் வழியாகக் குமுளிச் சாலையில் ஒவ்வொரு பருவத்திலும் நடந்து செல்லும் அன்பர்களைக் காண்கின்றீர்கள். ஒரு தண்ணீர்ப் பந்தல் இருக்கின்றது என்று உறுதியாகத் தெரிந்தால், அவர்கள் இரண்டு லிட்டர் சுமக்கும் இடத்தில் ஒன்றே சுமப்பர். அன்னம் கிடைக்கும் என்று தெரிந்தால் அரிசியும் சட்டியும் வேண்டா. நீங்கள் ஊரில் அமர்ந்தபடியே பிறர் தோளிலிருந்து பாரத்தை இறக்குகின்றீர்கள். இப்பணிகளை நம் ஊரார் குறைவின்றிச் செய்துவருகின்றனர். குறை ஒன்றே ஒன்று.

கண்மாய்க் கரைக்கு மேற்கே, சாலையோரத்தில் ஒரு சுமைதாங்கிக் கல் நின்றதை வயது முதிர்ந்தோர் அறிவர். இரண்டு கற்கள் நிமிர்ந்து நிற்க, அவற்றின்மேல் குறுக்கே ஒரு பலகைக்கல். தலைச்சுமையோடு வருபவர், பிறர் துணையின்றித் தாமே சற்று முழங்கால் மடக்கிச் சுமையை அதன்மேல் நழுவவிட்டு இளைப்பாறலாம். மீண்டும் அதன் அடியில் தலையைக் கொடுத்து ஏற்றிக்கொள்ளலாம். சாலையை அகலப்படுத்தியபோது அக்கல் பெயர்க்கப்பட்டது. மூன்று துண்டும் முறியாமல் இன்றும் கருவேல மரத்தடியில் கிடக்கின்றன.

கருவுற்ற நிலையில், பேறு காணாமல் இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நாட்டுவது தமிழ்நாட்டு வழக்கம். இறக்காத சுமையோடு போனவள் பெயரால், வழிப்போக்கர் சுமை இறக்க ஓர் இடம். நம் ஊர்க் கல்லில் எழுத்து எதுவும் இல்லை. அவள் எவர் வீட்டுப் பெண் என்று சொல்வாரும் இல்லை. குழுவின் சென்ற கூட்டத்தில் இக்கல்லை மீண்டும் நாட்ட வேண்டும் என்று யான் கேட்டபோது, அகால மரணத்தின் அடையாளத்தைக் குடமுழுக்கு நடைபெறும் மங்கல வேளையில் எடுத்து நிறுத்தலாமா என்று பெரியவர் ஒருவர் ஐயுற்றார். அவர் ஐயத்தை யான் மதிக்கின்றேன். கோயில் வாயிலில் நாட்டச் சொல்லவில்லை. நின்ற இடத்திலேயே, சாலையிலிருந்து நான்கு அடி தள்ளி நாட்டலாம். இருமுடியைத் தரையில் வைப்பதில்லை. தாமே ஏற்றிக்கொள்வதும் வழக்கமில்லை, உடன் வருவோர் கை கொடுக்க வேண்டும். தனியே பின்தங்கி வரும் ஒரு முதியவர், கட்டை இறக்க வழியின்றி நின்றபடியே மூச்சு வாங்குவதை அச்சாலையில் யான் பலமுறை கண்டிருக்கின்றேன். அவர்க்கு அக்கல்லைவிட மங்கலமான பொருள் வேறு எது? அந்த அம்மை எவளாயினும், அவளுக்கும் நம் குடமுழுக்கில் பங்கு உண்டு என்பது அடியேனின் துணிபு. தாய்மார்கள் தலையசைக்கின்றீர்கள். அதனைக் குழுவினர் கவனிப்பார்களாக.

செலவு மிகுதியன்று. அரை நாள் கிரேன் வண்டியும், அடியில் இடச் சிறிது சிமிட்டிக் கலவையும், நான்கு ஆட்களும் போதும். கோபுரக் கலசத்திற்கும் கொடிமரத்திற்கும் உபயதாரர் எழுதிக் கொடுத்தாயிற்று. இதற்கு இதுவரை எவரும் முன்வரவில்லை. பெயர் பொறிக்க அதில் இடம் இல்லை என்பது காரணமாயிருக்கலாம். கல்லுக்கு உரியவளின் பெயரே அதில் இல்லையே.

ஒன்று மட்டும் பார்த்துச் செய்ய வேண்டும். பழைய பலகைக்கல் தலைச்சுமைக்காரர்க்கு ஏற்ற உயரத்தில் அமைந்தது. இன்று நடப்போர் முதுகிலும் பை மாட்டி வருகின்றனர். அவர்க்கு இடுப்பளவு உயரத்தில் ஒரு தாழ்ந்த மேடை வேண்டும். திரும்பி நின்று பையை அதன்மேல் அமர்த்திவிட்டால் பட்டையிலிருந்து தோள் தானே விடுபடும். பழைய கல்லின் பக்கத்தில் இரண்டடி அகலத்தில் அதையும் கட்டிவிடலாம். சிறுவர்க்கும் உயரம் குறைந்த பெண்டிர்க்கும் அதுவே பயன்படும்.

உயரம் எத்துணை என்பதை ஏட்டில் பார்த்து முடிவு செய்ய இயலாது. நாளைக் காலை ஏழு மணிக்கு அளவுகோலோடு அம்மரத்தடியில் இருப்பேன். மாலை அணிந்துள்ள சாமிமார், நெட்டையரும் குட்டையருமாக ஒரு பத்துப் பேர், தலையில் ஒரு மூட்டையும் தோளில் ஒரு பையுமாக அங்கே வந்தால் நன்று. பையில், மலைக்கு எடுத்துச் செல்ல எண்ணியுள்ள எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு வாருங்கள். எண்ணெய்க் கடைக் குருசாமியின் தராசு இப்பொழுது என்னிடம் உள்ளது, அதையும் கொண்டுவருகின்றேன்.